விற்ற கிலுகிலுப்பையைத் தேடி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் நடத்தும் மளிகைக் கடையில் குழந்தைச் சாமான்களுக்கென்று தனி அலமாரி கிடையாது. கல்லாவுக்குப் பக்கத்திலிருக்கும் கம்பித் தட்டியில் பால் புட்டி, சூப்பி, வசம்பு, கருப்பு வளையல், கண்மை ஆகியவற்றோடு கிலுகிலுப்பைகளும் அட்டையில் தொங்கும். சென்ற ஆண்டு தீபாவளி முடிந்து கடை சற்று ஓய்ந்திருந்த நேரத்தில், ஈப்போவிலிருக்கும் ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு படமும் இரண்டு வரிச் செய்தியும் வந்தன. படத்திலிருக்கும் கிலுகிலுப்பையை இனி விற்க வேண்டாம் என்றது முதல் வரி. விற்றுப்போனவற்றை முடிந்தவரை திரும்ப வாங்கி அனுப்பவும் என்றது இரண்டாவது வரி. முதல் வரி சொன்னதைத் தேநீர் ஆறுவதற்குள் செய்து முடித்துவிட்டேன். தட்டியில் மிச்சமிருந்தவற்றைக் கழற்றி ஒரு பெட்டியில் போட்டு, பெட்டியின்மேல் விற்பனைக்கல்ல என்று எழுதி உள்ளே வைத்தேன். இரண்டாவது வரியோ பல வாரங்கள் என்னை விடவில்லை.

பொருளில் என்ன கோளாறு என்று அந்தச் செய்தி சொல்லவில்லை. தொலைபேசியில் கேட்டபோதும், மேலே ஏதோ புகார் வந்திருக்கிறது என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். ஆகவே ஒன்றை அட்டையிலிருந்து பிரித்து, கல்லா விளக்கின் கீழ் வைத்து நானே பார்த்தேன். நடுவில் குழந்தையின் கைக்கு அடங்கும் பிடி. இரு முனைகளிலும் ஒளி ஊடுருவும் நெகிழி உருண்டைகள். அவற்றுக்குள் சிவப்பும் மஞ்சளுமாகச் சிறு மணிகள். ஒவ்வோர் உருண்டையும் இரண்டு பாதிகளைச் சேர்த்து ஒட்டியது என்பதால், இடுப்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடியது. ஓர் உருண்டையில் அந்தக் கோடு சுற்றிலும் ஒரே சீராக இருந்தது. மற்றதில் ஓரிடத்தில் மட்டும் விரற்கடை நீளத்துக்கு வெளுத்திருந்தது. அந்த இடத்தின் இருபுறமும் கட்டைவிரல்களை வைத்து அழுத்தியதும் உருண்டை வாயைத் திறந்து, மணிகள் மேசைமேல் சிதறின. ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தேன். பச்சைப் பயற்றைவிடச் சற்றுப் பெரியது, வழவழப்பானது, ஈரம் பட்டால் விரலில் நிற்காமல் நழுவக்கூடியது. இத்தனைக்கும் நான் பெரிதாகப் பலத்தைக் காட்டிவிடவில்லை.

பொம்மைகளுக்கான பாதுகாப்பு விதிகளில் கிலுகிலுப்பைக்கு வெகு காலமாகவே தனியிடம் உண்டு. மற்ற பொம்மைகளைப் பிள்ளைகள் கையால் விளையாடுகிறார்கள். கிலுகிலுப்பையை வாயால்தான் விளையாடுகிறார்கள். அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டிலேயே இதற்கென்று ஒரு விதி வந்துவிட்டது. 35 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட, 30 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஓர் அச்சுத் துளையில் கிலுகிலுப்பையை எந்தப் பக்கமாக வைத்தாலும், அதன் எந்த முனையும் துளையைக் கடந்து மறுபுறம் எட்டக் கூடாது என்பதே அந்த விதி. கிலுகிலுப்பையைக் கவ்வியபடி குழந்தை குப்புற விழுந்தால், அதன் முனை தொண்டைக்குள் போய் அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட அளவு அது. எங்கள் தட்டியில் தொங்கிய பொருள் இந்தச் சோதனையில் தேறியிருக்கும். உருண்டைகள் போதிய அளவு பெரியவை. பார்க்கிற தாய்க்கும் அதுதான் தைரியத்தைக் கொடுக்கிறது. இவ்வளவு பெரிய சாமானைப் பிள்ளை எப்படி விழுங்கும் என்று அவள் கேட்பாள், அந்தக் கேள்வியில் தவறும் இல்லை.

ஆபத்து உள்ளே இருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளிலிருந்து பிரிந்து வரக்கூடிய எந்தத் துண்டும், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறிய உருளைக்குள் முழுதாக அடங்கிவிடக் கூடாது என்பது உலகில் பல நாடுகள் ஏற்றுக்கொண்ட அளவு. உருளையின் அடிப்பாகம் சாய்வாக இருக்கும், ஒருபுறம் 25.4, மறுபுறம் 57.1 மில்லிமீட்டர் ஆழம். சின்னஞ்சிறு பிள்ளையின் வாயும் தொண்டையும் கொள்ளக்கூடிய இடத்தை மனத்தில் வைத்து வகுத்தது இது. பொம்மை புதிதாக இருக்கும்போது மட்டும் பார்த்தால் போதாது என்பதால், முதலில் அதைக் கீழே போட்டும் முறுக்கியும் இழுத்தும் பார்க்க வேண்டும். நம் நாடு பின்பற்றும் ஐஎஸ்ஓ 8124 தர அளவீட்டின்படி, 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மையை ஏறத்தாழ 138 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை கெட்டியான தரையில் போட வேண்டும். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணின் கைக்கு மேலிருந்து சாமான் விழுகிற உயரம் ஏறக்குறைய அதுதான். சோதனைக்கூடத்தில் பத்து முறை. எங்கள் பக்கத்து வீடுகளின் சிமெண்டுத் தரையில் எத்தனை முறை விழும் என்பதைப் பிள்ளை வளர்த்தவர்களிடம் கேட்க வேண்டியதில்லை.

தாய் சேய் நலக் கிளினிக்கில் பணிபுரியும் ஒரு தாதி எங்கள் வாடிக்கையாளர். உடைந்த உருண்டையைக் காட்டியபோது, மணி வயிற்றுக்குள் போனால் அவ்வளவாகப் பயமில்லை, மூச்சுக்குழாய்க்குள் போனால்தான் தொல்லை என்றார். பெரியதாக இருந்தால் அடைத்துக்கொள்ளும், உடனே தெரியும். சிறியதாக இருந்தால் பிள்ளை சிறிது நேரம் கடுமையாக இருமும், பிறகு இருமல் அடங்கிவிடும், பெற்றோரும் அடங்கிவிடுவார்கள். மணி பெரும்பாலும் வலப்புற மூச்சுக்கிளையில் போய்த் தங்கும். நெகிழி எக்ஸ்ரே படத்தில் பொதுவாகத் தெரியாது. சில வாரங்கள் கழித்து இழுப்பும் காய்ச்சலுமாக வரும் பிள்ளையை ஆஸ்துமா என்று எண்ணி மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதும் உண்டு. அதனால், விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று புரையேறி இருமியது என்பதை மருத்துவரிடம் சொல்ல மறக்கவே கூடாது என்று அவர் வற்புறுத்தினார். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அடைத்துக்கொண்டு, அழவோ இருமவோ முடியாமல் போனால், தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தித் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் இரண்டு விரல்களால் ஐந்து அழுத்து, அடைப்பு விலகும்வரை மாற்றி மாற்றி. அருகிலிருப்பவர் 999-ஐ அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை எடுக்க வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழத்துக்குப் போய்விடும் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். நம் வீடுகளில் முதலில் செய்வது அதைத்தான்.

இனி, திரும்பப் பெறும் வேலைக்கு வருகிறேன். பெரிய நிறுவனங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்று தேடியபோது, ஏறத்தாழ இதே வகைக் கோளாறுக்காக நடந்த ஒரு பெரிய மீட்பு கண்ணில் பட்டது. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிட்ஸ் டூ என்ற நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 680,000 ஓபால் கிலுகிலுப்பைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. நெகிழி வட்டு உடைந்து மணிகள் வெளிவந்ததாக 42 புகார்கள் வந்திருந்தன. அவற்றில் இரண்டில் மணிகள் குழந்தைகளின் வாயிலேயே கண்டெடுக்கப்பட்டன. எங்கள் கடைக்கு வந்த பொருளுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. என் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. அந்தக் கிலுகிலுப்பையின் உட்பகுதியில் தேதிக் குறியீடு பொறிக்கப்பட்டிருந்தது. அறிவிப்பில் சொல்லப்பட்ட குறியீடுகள் உள்ளவை மட்டும் ஆபத்தானவை, மற்றவை அல்ல என்று வீட்டிலிருந்தபடியே ஒரு தாய் பிரித்தறிய முடிந்தது.

அந்தக் குறியீட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டில், வண்ணப்பூச்சில் ஈயம் இருந்த காரணத்தால் மட்டல் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 967,000 ஃபிஷர்-பிரைஸ் பொம்மைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. அதே மாதத்தில் காந்தம் கழன்று விழும் பொம்மைகளும் பெருந்தொகையில் திரும்பப் பெறப்பட்டன. அடுத்த ஆண்டு அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், குழந்தைகளுக்கான பொருள்களில் எங்கே, எப்போது, எந்தத் தொகுதியில் செய்யப்பட்டது என்பதைக் கண்டறிய உதவும் நிலையான அடையாளம் பொருளின்மேலேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. திரும்பப் பெறப்பட்ட பொருளைப் பிறகு யாரும் விற்கக் கூடாது, பழைய சாமானாகக்கூட விற்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் வந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு குழந்தையின் பெயரைத் தாங்கிய பிரிவும் இருக்கிறது. 1998-இல் சிகாகோவில், பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்மணியின் வீட்டில், மடக்குக் கட்டிலின் பக்கச் சட்டங்கள் மடிந்து கழுத்தை நெரித்ததால் அந்த ஆண் குழந்தை இறந்துபோயிற்று. அந்தக் கட்டில் ஆபத்தானது என்று 1993-ஆம் ஆண்டிலேயே திரும்பப் பெறப்பட்டிருந்தது. அறிவிப்பு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியும் கட்டில் ஒரு வீட்டில் பயன்பாட்டில் இருந்திருக்கிறது. பார்த்துக்கொண்ட பெண்ணுக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. இப்போது அங்கே குழந்தைக் கட்டில், உயர நாற்காலி, தள்ளுவண்டி போன்றவற்றோடு, வாங்குகிறவர் தம் பெயரையும் முகவரியையும் எழுதி நிறுவனத்துக்கு அனுப்ப அஞ்சல்கட்டணம் செலுத்தப்பட்ட அட்டை ஒன்றைச் சேர்த்துத் தர வேண்டும். கிலுகிலுப்பைக்கு அப்படி அட்டை கிடையாது. அவ்வளவு மலிவான பொருளுக்கு அட்டை வைப்பது கட்டுப்படியாகாது என்று சொல்லக்கூடும். பிள்ளையின் வாய்க்குள் போகிற சாமானோ அதுதான்.

எங்கள் கிலுகிலுப்பையில் குறியீடு இல்லை. அச்சிட்ட விவரங்களெல்லாம் அட்டையில் இருந்தன. அட்டையைப் பிரித்த அன்றே குப்பையில் போடுகிறோம். 6 வெள்ளி (ரிங்கிட்) 90 காசுக்கு விற்ற சாமானுக்கு ரசீதும் யாரும் கேட்கவில்லை. ஆகவே யார் வாங்கினார்கள் என்பதற்கு எங்களிடமிருந்த ஒரே பதிவு கடன் கணக்கு எழுதும் 555 புத்தகங்கள்தாம். மலேசியாவில் மளிகைக் கடைக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சட்டைப்பை அளவு நோட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அரிசி 10 கிலோ, மைலோ 1, சவர்க்காரம் 2 என்று போகும் வரிசையில் நடுநடுவே 'கி.லுப்பை 1' என்று என் மாமனாரின் கையெழுத்தில் இருந்ததைத் தேடித் தேடிக் குறித்தேன். ரொக்கம் கொடுத்து வாங்கியவர்கள் கடையின் நினைவிலிருந்து அப்படியே மறைந்துபோனார்கள். கடன் சொன்னவர்கள் மட்டும் தேதியோடு இருந்தார்கள். வசதியுள்ளவர்களின் பிள்ளைகளைவிட, மாதக் கடைசியில் கையைப் பிசைபவர்களின் பிள்ளைகளை எங்களால் எளிதாகக் கண்டுபிடிக்க முடிந்தது. இப்படியொரு நிலைமையை எந்தப் பாதுகாப்பு விதியும் நினைத்துப் பார்த்திருக்காது.

கண்டுபிடிப்பது ஒன்று, போய்ச் சேர்வது வேறொன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகளிலிருந்தவர்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்து ஆண்டுகள் பலவாகியும், எங்கள் புத்தகத்தில் பாதிப் பேருக்கு இன்னும் பழைய தோட்டத்தின் பெயரே முகவரி. அதைவிடப் பெரிய சிக்கலை நான் எதிர்பார்க்கவில்லை. என் கணவர் மோட்டாரை ஓட்ட, நான் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனேன். முதல் தெருவுக்குள் நுழைந்ததும் சன்னல்கள் சாத்தப்படும் ஓசை கேட்டது. ஒரு வீட்டில் வாசலிலேயே இருந்த பாட்டி, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இந்த மாசம் முடியாதும்மா, அடுத்த சம்பளத்துக்குப் பார்த்துக்கலாம்" என்று கைகூப்பிவிட்டார். கடனை வசூலிக்க வரவில்லை, கிலுகிலுப்பையைக் கேட்டு வந்திருக்கிறோம் என்று சொன்னபோது அவர் இன்னும் கலங்கிப்போனார். பாக்கிக்கு ஈடாகப் பேரனின் விளையாட்டுச் சாமானை எடுத்துப் போக வந்திருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டார். அன்றிலிருந்து பெயர்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு, புத்தகத்தைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனோம். மாமனாரையும் அனுப்பவில்லை.

வாங்கியவர்களைச் சந்தித்தபோதுதான் அவர்களில் பலர் கிலுகிலுப்பையைத் தங்கள் பிள்ளைக்காக வாங்கவே இல்லை என்பது தெரிந்தது. பெயர் சூட்டித் தொட்டிலில் போடும் நாளுக்குப் போகிறவர்கள் வழியில் எங்கள் கடையில் இறங்கி, ஒரு சோப்புப் பெட்டியும் ஒரு கிலுகிலுப்பையும் வாங்கி, வண்ணத் தாளில் சுற்றித் தரச் சொல்வார்கள். சுற்றித் தந்ததும் நான்தான். பரிசு வாங்கியவர் ஒருவர், கொடுக்கப்பட்ட வீடு இன்னொன்று, அந்த வீட்டில் ஏற்கெனவே அதேபோல் ஒன்று வந்துவிட்டதால் அது போன இடம் மூன்றாவது. கோலகங்சாரில் நாத்தனார் வீடு, ஈப்போவில் உடன் வேலை செய்பவரின் வீடு என்று ஒரு சாமானின் பாதை நீண்டுகொண்டே போனது. தொலைபேசியில் சொல்லும்போது சிலர் கூச்சப்பட்டார்கள். பரிசாகக் கொடுத்த பொருள் ஆபத்தானது, எடுத்துப் போட்டுவிடுங்கள் என்று உறவினரிடம் எப்படிச் சொல்வது என்றார்கள். அந்த இடங்களில் நானே எண்ணை வாங்கி, கடைக்காரி பேசுகிறேன், கொடுத்தவர்மேல் குற்றமில்லை என்று தொடங்கிப் பேசினேன். அப்படிப் பேசியதில் பெரும்பாலானவர்கள் படம் எடுத்து அனுப்பினார்கள். சிலர் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

பெரிய அதிர்ச்சி ஓர் ஆயா வீட்டில் கிடைத்தது. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். இப்போது தாமான் வீட்டில், தொழிற்சாலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். அவர் எங்களிடம் கிலுகிலுப்பை வாங்கியதில்லை. வேறொரு வீட்டைத் தேடிப் போனவள், அந்தப் பிள்ளை பகலில் இங்கேதான் இருக்கும் என்று கேட்டு வந்தேன். கூடத்தில் சதுர பிஸ்கட் டின் ஒன்றில் விளையாட்டுச் சாமான்கள் நிரம்பிக் கிடந்தன. தாய்மார்கள் கொண்டுவந்து விட்டவை, பிள்ளைகள் வளர்ந்த பிறகு எடுத்துப் போகாதவை. கையை விட்டுக் கிளறியபோது அடியில் எங்கள் கிலுகிலுப்பை ஒன்று அகப்பட்டது. ஒரு முனையில் உருண்டை முழுதாக இருந்தது. மறுமுனையில் பாதி உருண்டை மட்டும் கிண்ணமாக நின்றது. விளிம்பில் பல் முளைக்கும் பிள்ளை கடித்த தடம் வரிவரியாகத் தெரிந்தது. மணிகளைக் காணோம்.

ஆயாவுக்கு அது எப்போது உடைந்தது என்று தெரியவில்லை. தினமும் இரண்டு வேளை கூட்டுகிறேன், கண்ணில் பட்டிருந்தால் எடுத்துப் போட்டிருப்பேன் என்றார். அவர் வீட்டின் சுத்தத்தைப் பார்த்தவர்கள் அதை நம்புவார்கள். அன்று மாலை தாய்மார்கள் வந்தபோது ஒவ்வொருவரிடமும் பிள்ளைக்கு விடாத இருமலோ இழுப்போ உண்டா என்று கேட்டோம். ஒரு குழந்தைக்குச் சளி இருந்தது. தாதி சொன்னதை நினைவில் வைத்து, அதன் தாயை அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பி, மணி காணாமற்போன விவரத்தையும் சொல்லச் சொன்னோம். மருத்துவர் பார்த்துவிட்டு வெறும் சளிதான் என்று உறுதி சொன்ன பிறகே எனக்குச் சோறு இறங்கியது. பிறகு கடையிலிருந்து மெல்லிழைத்தாள் சுருளின் அட்டைக் குழாய் ஒன்றைக் கொண்டுபோய், டின்னில் இருந்த எல்லாவற்றையும் அதற்குள் போட்டுப் பார்த்தோம். சோதனைக்கூடத்து உருளையைவிட அந்தக் குழாய் சற்று அகலமானது. ஆகவே அதற்குள் நுழையாத சாமான் அநேகமாகச் சின்னப் பிள்ளையின் தொண்டைக்குள்ளும் நுழையாது. கோலி, பொம்மைக் காரின் சக்கரம், பேனா மூடி, வட்ட மின்கலம் போட்ட ஒரு விளக்குப் பொம்மை என்று கணிசமாகச் சேர்ந்தன. மின்கலத்தைப் பார்த்ததும் நான் முதலில் அதைத்தான் எடுத்து ஒதுக்கினேன். உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடக்கூடிய பொருள் அது. அது பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

திரும்பக் கேட்டபோது எல்லோரும் உடனே கொடுத்துவிடவில்லை. "இத்தனை நாளாக் கடிச்சிக்கிட்டுத்தானேக்கா இருக்கான், ஒண்ணும் ஆகலையே" என்று ஒரு தங்கை கேட்டாள். விவாதிப்பதில் பயனில்லை என்று கண்டு, உருண்டையின் கோட்டில் விரலை வைத்து அழுத்திக் காட்டினேன், அவளுடையது திறக்கவில்லை. இது எனக்கு உண்மையாகவே சங்கடமாகப் போயிற்று. ஒரு தொகுதியில் சிலவே மோசமாக ஒட்டப்பட்டிருக்கும், எது அந்தச் சில என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது என்பதால்தான் மொத்தத்தையும் திரும்பக் கேட்கிறார்கள் என்று விளக்கினேன். பணத்தைக் கொடுத்ததும் தந்துவிட்டாள். பணத்தைவிட, ஈடாக இன்னொரு சாமான் தருவது நன்றாக வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அழுகிற பிள்ளையின் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு 7 வெள்ளியை நீட்டுவது யாருக்கும் ஆறுதல் அளிப்பதில்லை. ஒரே துண்டாக வார்த்த, உள்ளே எதுவும் இல்லாத ரப்பர் வளையங்களை வாங்கி வைத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தேன்.

புத்தகத்தில் இல்லாதவர்களுக்காகக் கோயில் அறிவிப்புப் பலகையிலும், தமிழ்ப்பள்ளி வாசலிலும், எங்கள் கடைக் கதவிலும் படத்தோடு தமிழில் அறிவிப்பு ஒட்டினேன். ஓரளவு பயன் இருந்தது. எல்லாவற்றையும்விட அதிகமான கிலுகிலுப்பைகளைக் கொண்டுவந்து சேர்த்தது கிளினிக்கில் அந்தத் தாதி வாய்வழியாகச் சொன்ன செய்தியே. யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணைப்படி பிள்ளைகள் 2, 3, 5-ஆம் மாதங்களிலும், பிறகு 9, 12-ஆம் மாதங்களிலும் கிளினிக்குக்கு வருகிறார்கள். கிலுகிலுப்பையை வாயில் வைக்கும் வயதும் அதுவே. யார் எதை வாங்கினார்கள் என்று கடைக்குத் தெரியாமல் போகலாம். எந்த வீட்டில் பல் முளைக்கும் பிள்ளை இருக்கிறது என்பது கிளினிக்கின் பதிவேட்டில் பெயரோடு இருக்கிறது. குழந்தைச் சாமான் ஒன்று திரும்பப் பெறப்படும்போது, கடைக்காரர்களுக்குச் செய்தி அனுப்பும் அதே வேளையில் தாய் சேய் நலக் கிளினிக்குகளுக்கும் ஒரு படத்தை அனுப்பி, ஊசி போட வரும் தாய்மாரிடம் காட்டச் சொன்னால், நான் வாரக்கணக்கில் செய்ததை அவர்கள் அன்றாட வேலையோடு வேலையாகச் செய்துவிடுவார்கள் என்பது என் கருத்து. இதை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சுக்கும் எழுதியிருக்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, தீங்கு விளைவித்த அல்லது விளைவிக்கக்கூடிய பொருளைத் தடைசெய்து, அதைத் திரும்பப் பெறவும், பொதுமக்களுக்கு ஆபத்தைத் தெரிவிக்கவும், பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட அமைச்சருக்கு அதிகாரம் அளிக்கிறது. பொம்மைகளுக்கென்று 2009-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. விதிகளுக்கு உட்பட்ட பொம்மை, பாதுகாப்புத் தரத்துக்கு இணங்குவதைக் காட்டும் எம்சி குறியைத் தாங்கியிருக்க வேண்டும். பாதுகாப்பற்ற பொருளை விற்கும் நிறுவனத்துக்கு 250,000 வெள்ளி வரையிலும், தனியாளுக்கு 100,000 வெள்ளி வரையிலும் அபராதம் உண்டு. தனியாளுக்குச் சிறையும் உண்டு. தட்டியில் மாட்டி விற்கும் என்னைப் போன்றவர்களும் இதற்குள் அடக்கம் என்பதைச் சக கடைக்காரர்கள் பலர் அறியவில்லை. எங்களுக்கு வந்தது அமைச்சரின் உத்தரவு அல்ல, விற்பனையாளர்கள் தாமாகச் செய்துகொண்ட ஏற்பாடு. அதனால்தான் 'முடிந்தவரை' என்ற அந்தச் சொல் அதில் நுழைய முடிந்தது.

கணக்கு முடிந்த விதத்தையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மொத்த வியாபாரி, அட்டையோடு இருந்தவற்றுக்கு மட்டும் வரவு வைத்தார். அட்டை இல்லாதவை தம்மிடம் வாங்கியவைதாம் என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார். பிள்ளைகள் கடித்த சாமானுக்கு அட்டை எங்கிருந்து வரும் என்று நான் கேட்டதற்கு, விதி அப்படி என்றார். அந்தச் செலவு எங்கள் தலையில் விழுந்தது. அட்டை இல்லாதவற்றை நான் அவருக்கு அனுப்பவும் இல்லை. எந்தப் பாசார் மாலத்திலாவது (இரவுச் சந்தை) மறுபடி தலைகாட்டக்கூடும் என்ற ஐயத்தில், ஒவ்வொன்றையும் சுத்தியலால் நொறுக்கி, மணிகளைத் தனியே கட்டிக் குப்பையில் சேர்த்தேன். இப்போது மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எது விற்றாலும், ரொக்கமாகவே கொடுத்தாலும், வாங்கியவரின் கைப்பேசி எண்ணை ஒரு தனி 555 புத்தகத்தில் எழுதிக்கொண்டு, பொருளையும் அட்டையையும் சேர்த்துப் படமெடுத்து வைக்கிறேன். ரொக்கம் கொடுத்தவர்கள் தங்கள் பெயர் கடன் புத்தகத்தில் ஏறுவதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். புத்தகத்துக்குப் பச்சை அட்டை போட்டு, இது வேறு என்று எழுதி வைத்த பிறகு முணுமுணுப்புக் குறைந்திருக்கிறது.

இருபுறமும் ஒளி ஊடுருவும் உருண்டையும், உள்ளே சிவப்பு, மஞ்சள் மணிகளும், நடுவில் நீலப் பிடியும் கொண்ட கிலுகிலுப்பை சென்ற ஆண்டு உங்கள் வீட்டுக்குப் பரிசாக வந்திருந்தால், பிள்ளையின் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துவிட்டு, எங்கள் ஊர்ப்பக்கம் வரும்போது கடைக்குக் கொண்டுவாருங்கள். அட்டையும் வேண்டாம், ரசீதும் வேண்டாம். பாதி உருண்டையாக இருந்தாலும் பரவாயில்லை. மாற்றுச் சாமான் தருகிறேன். எங்களிடம் பழைய பாக்கி வைத்திருப்பவர்களும் தயங்காமல் வரலாம்; அன்றைக்கு அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன், மாமனாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.